கிணற்றுப் பெட்டிக்குச் சொன்ன கடைசிச் சொல்

பிள்ளைகளா,

போன வாரம் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் பற்றி ஏதோ செய்துவரச் சொன்னார்கள் என்று சின்னவள் என் போனை வாங்கினாள். "எங்கப்பாவோட ஆப்பத்தான் காட்டப் போறேன்" என்று தேடினாள். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்துகிற ஆப் வந்தது, மீன் பிடிக்கிற விளையாட்டு வந்தது, நம்முடையது வரவில்லை. பெரியவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா நம்மகிட்ட சும்மா அடிச்சு விட்ருக்காரு போல" என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அது இருந்தது. எடுத்துவிட்டார்கள். அதனால் ஒருத்திக்கு என்ன ஆனது என்பதை உங்களிடம் வாயால் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தப்பும் தவறும் இருந்தால் பெரியவன் திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

திருமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில்தான் இப்போதும் வேலை பார்க்கிறேன், முன்னாலும் அங்கேதான் பார்த்தேன். நடுவில் சில வருஷம் பசுமலையில் ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சின்ன வயசுப் பிள்ளைகள். கம்பெனியை நடத்தியது ஒரு பெண், எங்கோ வெளியூரில் படித்துவிட்டு வந்தவள். நிலத்தடித் தண்ணீர் இப்படியே போனால் நம் பக்கம் பாலையாகிவிடும் என்று ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்பட்ட பிள்ளை. விவசாயி கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளக்க ஒரு பெட்டி, அந்தப் பெட்டியோடு பேச போனில் ஒரு ஆப். தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகுமுன் மோட்டாரைப் பெட்டியே நிறுத்திவிடும். ஊற்றுக்கண் தூர்ந்து போகாமல் கிணறு பிழைக்கும். இதுதான் சரக்கு.

கடைக்கு வந்து, "அண்ணே, எங்களுக்கு மோட்டாரும் தெரிஞ்சு, வெவசாயம் பாக்குற சம்சாரிகளோட பேசவும் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றாள். போனேன். முதலில் பெட்டி மாட்டுகிற வேலை. பிறகு புகார் கேட்கிற வேலை. புகாரை எல்லாம் கேட்டவனுக்குத்தானே எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்? அதனால் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எந்த மாற்றத்தை முதலில் விட வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று முடிவு செய்கிற வேலையும் என்னிடம் வந்தது. அதற்கு ப்ராடக்ட் மேனேஜர் என்று பெயராம். ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது எனக்கு. உங்கள் அம்மா, "ப்ராடக்டு மேனேஜர் சார், மொதல்ல ரேசன் கடைக்குப் போய் பாமாயில் வாங்கிட்டு வாங்க" என்பாள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் போனில் ஒரு குரல் பேசும். "தங்கள் கிணற்றின் நீர்மட்டம் குறைந்துள்ளது" என்று பேசியது. எழுமலைப் பக்கம் ஒரு பெரியவர் எனக்கு போன் போட்டு, "யாருப்பா அந்தப் பொம்பள? எங்கிணத்தப் பத்தி நியூஸ் வாசிக்குது?" என்று கேட்டார். மறுநாளே ஆபீசில் சொல்லி, "தண்ணி எறங்கிருச்சு. மோட்டார் நிக்கப் போகுது" என்று மாற்ற வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் குரலை யாரும் பாதியில் அணைக்கவில்லை.

அந்தப் பெரியவரின் கிணற்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், அங்கே பெட்டி மாட்டுவதற்கு முந்திய கதையில் இருந்து. அது பங்குக் கிணறு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சரிபாதி. தம்பி இறந்துவிட்டான். அவன் பங்கு அவன் பொண்டாட்டிக்கு. மோட்டார் ஒன்றுதான், மோட்டார் ரூம் ஒன்றுதான், அதன் சாவி அண்ணன் இடுப்பில். மும்முனைக் கரண்டு வருகிற நேரத்தில் முதல் பாதி அண்ணனுக்கு, பின் பாதி தம்பி வீட்டுக்கு. இதுதான் அவர்கள் அப்பா காலத்தில் பேசிவைத்த முறை.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிணற்றில் ஊறி நிற்கிற தண்ணீரை அண்ணன் தன் நேரத்திலேயே சேறு தெரிய இறைத்துவிடுவார். பின் பாதியில் மோட்டார் ஓடும், காற்றுத்தான் வரும். மணிக்கணக்குக்குச் சரி, தண்ணீர்க் கணக்குக்கு அவளுக்கு ஒன்றும் இல்லை.

அவளை முதன்முதலில் பார்த்தபோது வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததைச் சட்டியில் மோந்து மோந்து கத்தரிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "கரண்டு ஆபீசாண்ணே?" என்றாள்.

"இல்லத்தா. கிணத்துல தண்ணி அளக்குற பொட்டி மாட்ட வந்தேன்."

"அளந்து என்ன செய்ய? இருக்குறத அளந்தா ஆகும். இல்லாததையுமா அளப்பாக?"

இந்தக் கேள்வியோடுதான் நான் அன்றைக்கு பசுமலைக்குத் திரும்பினேன். ஆபீசில் உட்கார்ந்து சொன்னேன்: முறையை மணியில் பிரிக்காதீர்கள், அடியில் பிரியுங்கள். காலையில் கிணற்றில் எத்தனை அடி நிற்கிறதோ, அடிமட்டத்துக்கு விட்டது போக மீதியை இரண்டாகப் போடுங்கள். ஒருத்தர் பங்கு முடிந்ததும் பெட்டி மோட்டாரை நிறுத்தட்டும். அடுத்தவர் தன் போனில் இருந்து ஓட்டிக்கொள்ளட்டும், சாவி கேட்க வேண்டியதில்லை. புரோகிராம் எழுதுகிற தம்பி நான் சொன்னதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தான். பிறகு, "அண்ணே, இதுதாண்ணே நம்ம ஆப்பு" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

பெரியவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு என்று நினைத்தேன். அப்படி இல்லை. கோடையில் அவருக்கும் கிணறு கைவிட்டிருந்தது. ஊற்றுக்கண்ணில் மண் ஏறிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும்.

"மெசின் நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும் மாப்ள. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு பொம்பள வந்து நிப்பாட்டுங்கன்னு சொல்லி நான் நிப்பாட்டுனேன்னு இருக்கக் கூடாது" என்றார்.

"மாமா, மெசினுக்கு ஆம்பள பொம்பள தெரியாது."

"அதத்தாஞ் சொல்றேன்."

அந்த ஊரில் பங்காளிகள் ஒரு முறையை விடுவதென்றால் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுத் துரும்பு கிள்ளிப் போடுவார்கள். வைக்கோல் துரும்பை எடுத்து இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கிள்ளிப் போட்டால் பழைய பேச்சு தீர்ந்தது என்று அர்த்தம். பெரியவர் அதெல்லாம் எதற்கு என்றார். அவள்தான் விடவில்லை. பழைய முறை இருக்கிற வரைக்கும் என்றைக்காவது அதை எடுத்துப் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயம். "பழச தீத்து விட்ருங்க. இனிமே போன் சொல்றதுதான் மொறன்னு ஊர் முன்னால ஆகட்டும்" என்று நின்றாள். நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஆபீசுக்கும் அது நல்லது. ஒரே கிணற்றுக்கு இரண்டு கணக்கு இருந்தால் எந்த ஆப்பும் குழம்பிப்போகும்.

கிள்ளினார்கள். அவள் கிள்ளும்போது அவசரத்தில் துரும்பு மூன்றாகிவிட்டது. கூடியிருந்தவர்கள், "ஏத்தா, மூணாவது பங்கு யாருக்கு, ஆப்புக்கா?" என்று சிரித்தார்கள். அவளும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். அந்தக் கிணற்றில் சித்திரையிலும் அடித்தண்ணீர் நின்றது. பக்கத்துப் பங்குக் கிணற்றுக்காரர்கள் தாங்களாகவே வந்து பெட்டி கேட்டார்கள். பெரியவர் தென்னங்கன்று வைத்தார். என்னைப் பார்த்தால், "ஒம்பொட்டி எம்பொண்டாட்டி மாதிரி மாப்ள. சொல்லிட்டு நிறுத்துது, கெஞ்சுனாலும் ஓட மாட்டேங்குது" என்பார். அவள் வெண்டை போட்டாள். உசிலம்பட்டி மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் மூட்டை கொண்டுபோவாள். நான் போகிற நாளெல்லாம் ஒரு பை வெண்டைக்காய் வண்டியில் மாட்டிவிடுவாள். "இன்னைக்கும் வெண்டைக்காயாப்பா?" என்று நீங்கள் முகம் சுளிப்பீர்களே, அது அவள் காட்டு வெண்டை.

பகலில், வெளிச்சத்தில், யாரிடமும் கேட்காமல் போனை எடுத்து அமுக்கி அவள் மோட்டார் போடுவதை நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் விழுந்ததும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், தன் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது போல. நான் செய்த வேலையிலேயே எனக்கு அதுதான் பெருமை. இப்போதும் அதுதான்.

கம்பெனிக்குப் பணம் வெளியே இருந்து ஒரு அறக்கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தது. கிணற்றுக்காரர்களிடம் மாசக் கட்டணம் வாங்கிப் பார்த்தோம். பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்குக்கூட அது பற்றவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் ஒரு நாள் இனிமேல் வேறு வேலைகளுக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை, பாராட்டித்தான் சொன்னார்களாம். கம்பெனியை நடத்திய பெண் அலைந்து பார்த்தாள். பிறகு எல்லாரையும் உட்கார வைத்து, அந்த மாசக் கடைசியோடு சர்வரை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சர்வர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பங்கு பிரிக்கிற மூளை அங்கேதான் இருந்தது. கிணற்றடியில் இருந்த பெட்டிக்குச் சொன்னதைச் செய்ய மட்டும்தான் தெரியும். சர்வர் இல்லாமல் பெட்டியே பங்கு பிரிக்கிற மாதிரி ஒரு கடைசி மாற்றம் செய்ய முடியாதா என்று நான் கேட்டேன். புரோகிராம் எழுதுகிற தம்பி சாப்பிடாமல் கொள்ளாமல் முயன்றான். அந்தப் பெட்டிக்குள் அதற்கு இடம் இல்லை. நாங்கள் செலவைக் குறைக்க வாங்கிய மலிவுப் பெட்டி.

கடைசி நாள் அவன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, பொட்டிக்கெல்லாம் கடைசியா ஒண்ணு சொல்லிட்டுத்தான் ஆஃப் பண்ணணும். ஓடுன்னு சொல்லவா, ஓடாதன்னு சொல்லவா?"

"எதச் சொன்னா என்ன ஆகும்?"

"ஓடுன்னா, பொட்டி இல்லாத மாதிரிண்ணே. ரூம்ல சுவிட்ச போட்டா மோட்டார் ஓடும், எம்புட்டு நேரம் வேணும்னாலும். ஓடாதன்னா, நாம போய் வயரக் கழட்டுற வரைக்கும் யாருக்கும் ஓடாது."

அத்தனை கிணற்றிலும் பயிர் நிற்கிறது. ஓடாதே என்று சொன்னால் எல்லாம் காய்ந்துவிடும். ஓடு என்றால் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்கு ஓடும். வேறு வழி இருக்கிறதா என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஓடுன்னு சொல்லுப்பா" என்றேன்.

அமுக்கினான். எதுவும் சத்தம் வரவில்லை. வெளியே பஸ் போய்க்கொண்டிருந்தது.

முன்கூட்டியே எல்லா ஊருக்கும் போய்ச் சொல்லியிருந்தேன், அவளிடமும். ஆனால் ஒரு ஆப் நின்றுபோகும் என்பது சொன்னால் விளங்குகிற விஷயமா? கரண்டு போனால் வரும், சிக்னல் போனால் வரும். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் போனேன். வேலி ஓரம் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது பேச மாட்டேங்குதே. சுத்திக்கிட்டே கெடக்கு."

"நான் சொன்னேன்லத்தா. நின்னு போச்சு. இனி வராது."

"மத்தவுகளுக்கு நிக்கட்டும்ணே. எனக்கு மட்டும் ஓட்டச் சொல்லுங்களேன். வெண்ட இப்பத்தான் பூ எடுத்திருக்கு. இந்த ஒரு காய்ப்பு முடியட்டும்."

அவளைக் கூட்டிக்கொண்டு பெரியவரிடம் போனேன். அவர் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வாய்க்கால் நிறையப் போனது. மோட்டார் விடியற்காலையில் இருந்து ஓடுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"மாமா, தங்கச்சிக்குப் பாதித் தண்ணி விடணும்ல?"

"எந்த மொறப்படி மாப்ள?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"உங்க அப்பா காலத்து மொற இருக்குல்ல?"

"அதத்தான் துரும்பு கிள்ளி தீத்து விட்டாச்சே. நீயுந்தான கூட நின்ன? வேணாம்னு சொன்னவன் நானு. இனி போன் சொல்றதுதான் மொறன்னு ஊர் முன்னால பேச்சு. போன் என்ன சொல்லுது? அத எங்கிட்டக் காட்டு. அதும்படி விடுறேன்."

அவள் கையில் இருந்த போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோயில் முன்னால் மறுபடி கூட்டம் போட்டார்கள். அதே பெரியவர்கள்தான். யாரும் அவளுக்கு விரோதி இல்லை. பாவம் என்றுதான் பேசினார்கள். ஆனால் கிள்ளிய துரும்பை ஒட்டிவைத்த வழக்கம் அந்த ஊரில் இல்லை. புது முறை போடுவதென்றால் இரண்டு பங்காளியும் மனசோடு ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். பாதி விட்டால் அவருக்கும் கன்று காயும், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வெண்டைச் செடி அவர் யோசித்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்குமா?

நான் கூட்டத்தில் எழுந்து தண்ணீரை அடியில் பிரிக்கிற கணக்கைச் சொன்னேன். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுக்கூட அளக்கலாம், பெட்டி வேண்டியதில்லை என்றேன். ஒருத்தர், "அளந்துருவோம் தம்பி. அளந்து முடிஞ்சதும் மோட்டார யாரு போய் நிப்பாட்டுறது?" என்று கேட்டார். எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் தண்ணீரை அளக்கவில்லை பிள்ளைகளா. ஒரு மனுசன் இன்னொரு மனுசிக்காக எழுந்து போய் சுவிட்சை அணைக்க வேண்டிய அந்த ஒரு காரியத்தை அவர் கையில் இருந்து வாங்கி எங்கள் கையில் வைத்திருந்தோம். கீழே போட்டபோது அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என் வண்டி பக்கம் வந்து நின்றாள். ஏதாவது கேட்டுவிடுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"பழைய மொற இருந்தா ஒரு கொடம் சேத்துத் தண்ணியாச்சும் நின்னுருக்கும்ணே" என்றாள். "நாந்தான கிள்ளியே ஆகணும்னு நின்னேன்."

"அப்படி நெனைக்காதத்தா."

"இல்லண்ணே, நல்லாத்தான் இருந்துச்சு. இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு, "பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்துக் காட்டினாள். வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு திருமங்கலம் வந்தேன் என்று தெரியாது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்ததற்கு உங்களிடம் வயிற்று வலி என்று சொன்னேன்.

கம்பெனி மூடுவதற்கு முன்னால் பெட்டிகளைக் கழற்றி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு கிணறாகப் போய்க் கழற்றினேன். சில இடங்களில் பங்காளிகள் தாங்களே புது முறை பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவள் கிணற்றைக் கடைசிக்கு விட்டேன்.

போனபோது உச்சிப் பொழுது. கரண்டு இல்லாத நேரம். பெட்டி இருந்த மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. பக்கத்துக் காட்டில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர், பெரியவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். அவள் மில் வேனில் வேலைக்குப் போகிறாளாம். காலையில் ஏறினால் பொழுது சாயத்தான் இறக்கிவிடுவார்கள். அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அங்கே வேறு யாரும் இல்லை.

வெண்டைச் செடிகளில் இலை கருகி மடங்கியிருந்தது. பறிக்காத காய்கள் முற்றி வெடித்து நின்றன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றிச் சேறு. மாட்டுக்கு இறைக்கிற வாளியும் கயிறும் தொட்டி ஓரம் கிடந்தன. கயிறு எட்டவில்லை. வண்டியில் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து அதோடு முடிந்து இறக்கினேன். வாளியைச் சாய்த்துச் சாய்த்து, பாதிச் சேறும் பாதித் தண்ணீருமாக மேலே இழுத்தேன். கொண்டுபோய் வரப்பு ஓரம் இருந்த முதல் வரிசையில் ஒவ்வொரு செடியின் காலிலும் ஊற்றினேன். மறுபடி வந்து இறக்கினேன். அந்த ஒரு வரிசை முடிகிற வரைக்கும் செய்தேன். இரண்டாவது வரிசைக்கு வாளி வெறும் சேறாகத்தான் வந்தது.

என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். வாளியைக் கழுவத் தண்ணீர் இல்லை. புல்லில் துடைத்து, தொட்டி மேல் கவிழ்த்து வைத்தேன்.